கடல் தாண்டி வந்த கன்றும் கருத்துக் கேட்கப் போன நானும்

விவசாய இலாகாக்காரனை ஊரில் யாரும் வெறுப்பதில்லை. அவன் பேச்சை யாரும் கேட்பதும் இல்லை. இதைப் படிக்கும் உங்களில் யாராவது இலாகா சைக்கிளில் செயின் கழன்று, உச்சி வெயிலில் கரிக் கையோடு நடு ரோட்டில் நின்றிருந்தால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டை ராஜாவின் சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் கழித்து நடந்தவை இவை. இப்போது புதுக்கோட்டை மாவட்டம் என்கிறோமே, அந்தப் பூமி அன்றைக்குப் பாதி திருச்சி ஜில்லாவிலும் பாதி தஞ்சாவூர் ஜில்லாவிலும் கிடந்தது. இரண்டு பக்கத்து ஆபீசுக்கும் பதில் சொல்லும்படி என்னை நடுவில் போட்டிருந்தார்கள். இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடுதான்.

ஒருநாள் உத்தரவு வந்தது. வெளிநாட்டிலிருந்து செடி, விதை, கிழங்கு கொண்டு வருவதற்குப் புது விதிகள் வரப்போகின்றன. கொண்டு வருகிறவர் அதிகாரியிடம் காட்ட வேண்டும். நோய் இருந்தால் எரிக்க வேண்டும். மறைத்தால் அபராதம். நோய் கண்ட தோட்டத்துக்காரரின் பெயரை ஊர்ச் சாவடியில் ஒட்ட வேண்டும். இவற்றை முடிவு செய்வதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ப் படித்துக் காட்டி, ஜனங்களின் கருத்தைக் கேட்டு எழுதி வா என்றார்கள். அதுவரை என்னிடம் யாருமே கருத்துக் கேட்டதில்லை, வீட்டில்கூட. அப்படிப்பட்டவனை ஊராரிடம் கருத்துக் கேட்க அனுப்பினார்கள். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த விதிகளில் ஒரு வரி ஒரு பெண்ணைப் புகுந்த வீட்டை விட்டே வெளியே நிறுத்தும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பை கொண்டு வந்த ஊர்

முதல் கூட்டம் கீரனூரில். எங்கள் பெரிய ஆபீஸரே ஜீப்பில் வந்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் எதையும் கண்ணால் காட்டித்தான் புரிய வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. திருச்சிக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுக்கூடச் சிலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. ஏனென்றால் வந்தவர்கள் எல்லார் கையிலும் பை இருந்தது. சாக்குப் பை, நார்ப்பெட்டி, ஓலைக் கொட்டான். ஒருவர் மாட்டு வண்டியையே ஓரமாக அவிழ்த்துப் போட்டிருந்தார். இலாகா கூட்டம் என்றால் கடைசியில் விதை கொடுப்பார்கள் என்பது ஊர் வழக்கம். கொடுத்துக் கொடுத்துப் பழக்கியவர்களும் நாங்கள்தான்.

ஆபீஸர் ஒரு கண்ணாடிப் புட்டியைத் தூக்கிக் காட்டினார். கப்பலில் வந்த சீமைப் பயறு, உள்ளே வண்டு விழுந்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. "எல்லாரும் நன்றாகப் பாருங்கள், இதுதான் நம் எதிரி" என்று முன்வரிசையில் கொடுத்தார். புட்டி கைமாறிக் கைமாறிப் போயிற்று. அவர் விதிகளைப் படித்து முடித்தபோது திரும்பி வந்தது. உள்ளே வண்டு மட்டும் இருந்தது. பயறு ஒன்றுகூட இல்லை.

பிறகு பயறைத் திருப்பிக் கேட்டு வரிசை வரிசையாக நான் கையேந்திப் போனதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாதிப் பேர் கொடுத்தார்கள், பாதிப் பேர் வானத்தைப் பார்த்தார்கள். வண்டிக்காரர் மட்டும் என் மேல் இரக்கப்பட்டுத் தோளில் கை வைத்தார். "கோவிச்சுக்காதீங்க அய்யா. வண்டு தின்னது போக நல்ல பயறா நாலுதான் தேறுச்சு, மடியில முடிஞ்சுட்டேன். ஒரு மழை விழட்டும், ஊனிப்புட்டு எப்புடி வருதுன்னு ஒங்களுக்குச் சொல்லி விடுறேன்" என்றார்.

மிதந்து வந்தது

அடுத்தது கட்டுமாவடி. கடற்கரையில் கருவாடு காய்கிற பாய்களுக்கு நடுவே எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஆபீஸர் வரவில்லை, ஜீப் மணலில் இறங்காது என்று டிரைவர் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தோணி வைத்திருந்த செய்யது மரைக்காயர்தான் ஊருக்குப் பெரியவர். சின்ன வயதில் சிலோனுக்கும் இங்கிட்டுமாகக் கடலில் போய் வந்தவர். வலையின் கிழிசலை முடிந்துகொண்டே நான் படித்ததை முழுக்கக் கேட்டார். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிக் கேட்பவர்கள் ஆபத்தானவர்கள் என்று எனக்கு அனுபவம் உண்டு.

"நல்ல சட்டந்தான்" என்று ஆரம்பித்தார். "ஆனா ஒரு சந்தேகம் தம்பி. அங்கிட்டு சிலோன் பக்கம் ஆத்து வெள்ளத்துல தேங்கா கடலுக்கு வந்துரும். மெதந்து மெதந்து இங்கன கரை ஒதுங்கும். சிலது மொளை விட்டே வரும். நாங்க எடுத்து ஊனுறதுதான். இந்தா நிக்கிற மரம் அப்புடி வந்ததுதான்." மனிதர்கள் கொண்டு வருவதற்கு மட்டும்தான் விதி, கடல் கொண்டு வருவதற்கு விதியில் இடமில்லை என்றேன். அப்படியானால் நோய் மட்டும் அந்தத் தேங்காயில் வராதா என்று கேட்டார். வரலாம் என்றேன். வேறென்ன சொல்வது?

கருத்து எழுதும் இடத்தில் என்ன போட என்று கேட்டேன். மரைக்காயர் வலை முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டு சொன்னார்: "மெதந்து வர்ற தேங்காயப் புடிச்சு வைக்கிறது எங்க பொறுப்பு. எந்த ஊரு, யாரு அனுப்புனான்னு அதுக்கிட்ட நீங்களே வந்து விசாரிச்சுக்கிருங்க."

ஆபீஸர் வீட்டுக் கிழங்கு

ஊர்களில் அலைந்துவிட்டு ஒருநாள் அறிக்கை கொடுக்க ஆபீஸர் வீட்டுக்குப் போனேன். வாசலில் புதிதாகப் பாத்தி கட்டியிருந்தது. ஆபீஸர் மனைவியின் தம்பி சீமையில் படித்துவிட்டு வந்தவர். வரும்போது அக்காவுக்கு டேலியாப் பூச்செடிக் கிழங்கு கொண்டு வந்திருந்தார். அம்மாள் என்னைக் கண்டதும், கிராமத்துப் பக்கம் போகும்போது நல்ல மக்கின ஆட்டெரு ஒரு மூட்டை கொண்டு வரச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டாமல் உத்தியோகம் பார்த்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஆபீஸ் பியூன் மாணிக்கம்தான் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். கூட்டங்களுக்கு என்னோடு வந்து பெஞ்சு தூக்கிப் போடுகிறவனும் அவன்தான். அதனால் விதிகள் அவனுக்கும் மனப்பாடம். உள்ளே ஆபீஸர் அறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கையில், ஜன்னலுக்கு நேராக நின்று, தணிந்த குரல் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிற குரலில் கேட்டான்: "ஏன் சார், இந்தக் கெழங்கு கப்பல்ல வந்தப்ப நம்மகிட்ட யாரும் கருத்துக் கேட்டாப்ல தெரியலையே?"

பழம் யாருக்கு, கொட்டை யாருக்கு

அறந்தாங்கியில் எனக்கு ஒரு டெப்போ இருந்தது. டெப்போ என்றால் கடைத்தெருவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே விதை மூட்டை, பூச்சி மருந்து டப்பா, ஒரு தராசு, நான். எதிர் வரிசையில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் ராவுத்தர் சாயங்காலத்தில் வந்து உட்காருவார். அவர் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியிருந்தார். கொண்டு வந்த பேரீச்சம்பழத்தைத் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு பங்கு வைத்தார்கள். எனக்கும் வந்தது. அந்தப் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்ப யாருக்கும் மனசு வராது. கழுவி, கொல்லையில் ஒரு ஓரமாகப் புதைத்து வைப்பார்கள். முளைத்தால் பாக்கியம்.

ராவுத்தர் விதிகளை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். 'கடல் தாண்டி வரும் எந்த விதையும்' என்ற இடத்தில் விரலை வைத்து, பேரீச்சை பழமா விதையா என்று கேட்டார். தின்னக் கொண்டு வந்தால் பழம், நடக் கொண்டு வந்தால் விதை என்று எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன். தின்றுவிட்டு நட்டால் என்றார். நான் தராசைத் துடைக்க ஆரம்பித்தேன். அவரே எனக்காக யோசித்து ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். "அப்ப இப்புடி வச்சுக்குவோம் தம்பி. வாயில இருக்கிற வரைக்கும் எங்களுக்கு, வாயை விட்டு வெளிய வந்துருச்சின்னா சர்க்காருக்கு. சரிதானா?"

கைதட்டு வாங்கிய பேச்சு

அறந்தாங்கிக் கூட்டந்தான் பெரிய கூட்டம். ஊருக்கு வெளியே சாவடியில் நடந்தது. சுற்று வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் வாழை போட்டிருந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அங்கே பேச வேண்டியது முடிக்கொத்து நோயைப் பற்றி. வாழையின் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாகக் கூடி நிற்கும். இலையின் நடு நரம்பில் கரும்பச்சைக் கோடு விட்டு விட்டு ஓடும். மரம் குலை தள்ளாது. மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டு போகும். கன்றைப் பிரித்து நட்டால் கன்றோடும் போகும். சிலோனிலிருந்து வந்த கன்று மூலமாக மலையாளத்துப் பக்கம் இறங்கியது என்று ஆபீஸர் விளக்கினார். ஒரு தோட்டத்தில் நுழைந்து கவனிக்காமல் விட்டால் அந்த வட்டாரமே போய்விடும் என்றார். இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு வாழைதான் சோறு.

சின்னையா சேர்வை எழுந்தார். நல்ல தோட்டக்காரர், ஒரே மகன், மகனுக்குப் போன வருஷம்தான் கல்யாணம் முடித்திருந்தார். வெடி வெடிப்பது போன்ற குரல் அவருக்கு. அபராதமெல்லாம் போதாது என்றார். பெயரைச் சாவடியில் ஒட்டினால் மட்டும் பற்றாது, தமுக்கடிக்க வேண்டும் என்றார். ஒருத்தன் வீட்டு ஆசைக்கு ஊர் வாழை சாவதா என்று கேட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. கிடைத்த கருத்துகளிலேயே தெளிவான கருத்து என்று ஆபீஸர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், எழுதிக்கொள் என்று. சேர்வை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முடித்தார்: "கன்னை மட்டும் கொளுத்தினாப் பத்தாது. கொண்டாந்தவனையும் சேத்து வச்சுக் கொளுத்துங்க, நான் வெறகு தாரேன்!"

பெயரில்லாத கருத்து

சில நாள் கழித்துச் சந்தை கூடின நாளில் டெப்போவுக்கு ஒரு இளம்பெண் வந்தாள். கழுத்தில் தாலிக் கயிறு இன்னும் மஞ்சள் மங்காமல் இருந்தது. சந்தைக் கூடையில் கீரைக்கு அடியிலிருந்து ஒரு வாழை இலைத் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இது நீங்க சொன்ன அந்தச் சீக்குத்தானாங்க?" வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடு நரம்பில் கரும்பச்சைக் கோடு விட்டு விட்டு ஓடியது. அதே சீக்குத்தான் என்றேன். எந்தத் தோட்டம் அம்மா என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டேன் என்றாள். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் கேட்டாள்.

கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக வெட்டி, சீமெண்ணெய் ஊற்றி அந்த இடத்திலேயே கொளுத்த வேண்டும் என்றேன். ஒரு வேர்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்றேன். ஒவ்வொன்றையும் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, இதை ஆபீசில் வந்து சொன்னால் பெயரை ஒட்டுவது நிஜந்தானா என்று கேட்டாள். ஆமாம், விதி அப்படித்தான் வரப்போகிறது என்றேன். "அப்பறம் யாருங்க வந்து காட்டுவா? கட்டிக்கிட்டு வந்தவ பொறந்த வீட்டுச் சாமானோட சீக்கு வந்துச்சுன்னு ஊருல தெரிஞ்சா அவ அந்த வீட்டுல எப்புடிங்க இருப்பா? எல்லாரும் ஒளிச்சுத்தான் வைப்பாங்க. தானா வந்து காட்டுறவங்க பேரு வெளிய வராது, பழி வராதுன்னு ஒரு வரி சேத்துக்கிருங்க" என்றாள்.

ஊர் ஊராகச் சுற்றி நான் கேட்ட கருத்துகளில் கருத்து என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். உடனே காகிதத்தை எடுத்தேன். எழுதி முடித்து, வழக்கப்படி அடியில் பெயரும் ஊரும் கேட்டேன். பெயர் இல்லாத கருத்தை மேலே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தாள். "பேரு வேணாங்கிறதுதானேங்க நான் சொன்ன கருத்து? அதுக்கு அடியிலயே பேரு போடச் சொன்னா எப்புடிங்க?"

கரிந்த இடம்

அந்தக் கருத்தைப் பெயரில்லாமலே அனுப்பினேன். பெயரில்லை என்று திரும்பி வந்தது. அதற்குள் வாழைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கச் சொல்லி உத்தரவாகி, நான் சேர்வை தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மரங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றன. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன், ஒரு குறை இல்லை. வடக்கு மூலையில் வாய்க்கால் ஓரமாக மட்டும் கொஞ்சம் மண் கரிந்து கிடந்தது. என்ன இது என்று கேட்டேன். சேர்வைக்கு முகம் சுண்டிவிட்டது.

தலைப்பொங்கல் சீரோடு சம்பந்தி கொடுத்த கன்றுகள் அங்கே நின்றனவாம். அவர் கொழும்பில் கடையில் இருப்பவர்; படுக்கைக்குள் சுருட்டி, ரயிலும் கப்பலும் மாறி, மகளுக்கென்று கொண்டு வந்து கொடுத்தாராம், வாழையடி வாழையாகத் தழைக்கட்டும் என்று. "கொளும்புச் சாதிங்கய்யா. நம்ம வாழை மாதிரி எலை விரியாது, உச்சியில அழகாக் கூடி நிக்கும். வந்தவுக போனவுகளுக்கெல்லாம் கூட்டியாந்து காட்டுவேன். கெடாவெட்டுக்கு நாங்க அம்புட்டுப் பேரும் போயிருந்த நேரம் பாத்து, மருமக அழகம்மா தோண்டி வெட்டிக் கொளுத்திப்புட்டா. ஏண்டின்னு கேட்டா வாயத் தொறக்கல. பெத்த அப்பன் குடுத்த சீரை எவளாச்சும் கொளுத்துவாளா? பேய் புடிச்சிருச்சுன்னு ஊரே சொல்லுது. பூசாரியக் கூட்டியாந்து கயிறும் கட்டிப் பாத்தோம். கடைசியில அவ ஆத்தா வீட்டுல கொண்டுபோயி விட்டாச்சு. மகன் சோறு திங்க மாட்டேங்குறான்" என்றார்.

கீரைக் கூடையோடு டெப்போவுக்கு வந்தவள் யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் பேய் போய்விடும். சீக்குக் கொண்டு வந்தவள் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் அவள் வாழாவெட்டி. பெயர் சொல்லாமல் என்னை நம்பி வந்தவள் என்பது வேறு மனசை அறுத்தது. ஆனால் அவளை வெளியே நிறுத்திவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு என்ன புண்ணியம்? சொல்லிவிட்டேன். கூடி நின்ற அழகுதான் நோய் என்றேன். உங்கள் தோட்டம் இன்று பச்சையாக நிற்பது அந்தப் பெண்ணால்தான், நீங்கள் சாவடியில் பேசிய பேச்சுக்குப் பயந்துதான் அவள் வாய் திறக்கவில்லை என்றேன்.

சேர்வை வரப்பில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். அந்த வெடிக் குரல் எங்கே போயிற்றோ, எனக்கே குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "அன்னிக்கு வெறகு தாரேன்னு சொன்னேனே அய்யா, அது எஞ் சம்பந்தியக் கொளுத்தவா?"

வண்டி வெறுமனே திரும்பியது

மறுநாளே வில்வண்டி கட்டிக்கொண்டு அழகம்மாவைக் கூட்டி வரப் போனார் சேர்வை. கௌரவம் பார்க்கிற மனுஷர், வாசலில் நின்று வா என்று சொன்னதே பெரிது என்று நினைத்திருப்பார். வண்டி வெறுமனே திரும்பியது. நேரே டெப்போ வாசலில் வந்து நின்றது. பேய் பிடித்தவள் என்று ஊர் முழுக்கச் சொல்லி அனுப்பியாயிற்று, இப்போது நடுவீட்டில் வைத்துத் தப்பு என்று சொன்னால் ஊருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டுவிட்டாளாம். எந்தச் சாவடியில் பேசினாரோ அந்தச் சாவடியிலேயே சொல்ல வேண்டுமாம்.

எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வெளியே வரக் கூடாது என்று என்னிடம் சொன்ன பெண்தானே என்று சேர்வையிடம் கேட்டேன். அதையும் அவர் கேட்டிருக்கிறார். அவள் சொன்ன பதிலை அப்படியே ஒப்பித்தார், பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் சொல்வது போல: "'அப்ப நல்ல பேரு இருந்துச்சு மாமா, அது போயிரும்னு பயந்தேன். இப்ப இருக்கிறது கெட்ட பேரு. இதுக்கு எதுக்குப் பயப்படணும்?' அப்புடிங்கிறாய்யா."

சாவடியில் இரண்டாம் தடவை

திருத்திய விதிகளைப் படித்துக் காட்ட இரண்டாவது கூட்டம் வைத்தார்கள். ஆபீஸர் வந்தார். இந்தத் தடவை சேர்வையின் மனைவியும், பக்கத்தில் ஆத்தா வீட்டிலிருந்து வந்த அழகம்மாவும், இன்னும் சில பெண்களும் சாவடி ஓரத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸர் படித்து முடித்ததும் சேர்வை எழுந்தார். கூட்டம் பழைய பேச்சை எதிர்பார்த்து நிமிர்ந்தது. தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முடிக்கொத்து தன் தோட்டத்தில்தான் இருந்தது என்றார். அழகு என்று நினைத்து ஊரைக் கூட்டிக் காட்டியவன் தான்தான் என்றார். பேயுமில்லை, பிசாசுமில்லை, தன் மருமகள்தான் தோண்டிக் கொளுத்தித் தன் வாழையையும் பக்கத்துத் தோட்டத்து வாழையையும் காப்பாற்றினாள் என்றார். "பேரு ஒட்டணுமின்னா எம் பேர ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். தன் கொல்லையிலும் சிலோன் கன்று ஒன்று கூடிக்கொண்டு நிற்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். மேலிருந்து வந்த எந்த விதியும் அதுவரை அசைக்காத ஊர் அன்றைக்கு அசைந்தது. மாணிக்கம் என் காதருகே வந்து, சீமெண்ணெய் பற்றாது என்று கவலைப்பட்டான்.

ஆபீஸருக்கு மனசு இளகிவிட்டது. பெண்கள் பக்கமாகத் திரும்பி, அழகம்மாவைப் பார்த்து, இவ்வளவு தெளிவான பெண் முதல் கூட்டத்துக்கே வந்து இதைச் சொல்லியிருந்தால் இத்தனை கஷ்டம் வந்திருக்காதே அம்மா என்றார். முதல் கூட்டத்தில் ஆபீஸர் சொன்ன விளக்கத்தை அவள் புருஷன் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டாள் என்றே நானும் அதுவரை நினைத்திருந்தேன். அழகம்மா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அமைதியாகப் பதில் சொன்னாள்: "அன்னிக்கும் வந்திருந்தேங்க. கொடத்தோட அந்தா, அந்தக் கெணத்தடியிலதான் கடைசி மட்டும் நின்னேன். அங்கிட்டு யாரும் திரும்பிக் கருத்துக் கேக்கலைங்களே."

அன்று சாயங்காலம் சேர்வையின் வில்வண்டி வெறுமனே திரும்பவில்லை. பிற்பாடு விதிகள் அச்சாகி வந்தபோது ஆசையோடு புரட்டிப் பார்த்தேன்: கடல் தாண்டி வரும் செடிக்குப் பக்கம் பக்கமாக நிபந்தனை இருந்தது, அதைத் தானாக வந்து காட்டுகிற மனுஷிக்கு ஒரு வரிகூட இல்லை, காட்டினவர் மேல் பழி வராது என்ற அந்த ஒரு வரியை மட்டும் அறந்தாங்கிக்காரர்கள் எழுதாமலே வைத்துக்கொண்டார்கள்.